ஆறு தெரியாத மேடு

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் கம்பெனியில் மெஷின்களைப் பிரித்துப் பழுது பார்ப்பதற்காக இரண்டு நாள் லைனை நிறுத்துவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அபூர்வம். போன வருஷம் அதற்கு நோட்டீஸ் ஒட்டிய அன்றே என் பக்கத்து டேபிள்காரி ஒரு யோசனையைக் கிளப்பினாள். ஊத்துக்கோட்டை தாண்டி ஆந்திரா பக்கம், மலையடிவாரக் காட்டில் ஒரு ஆறு இருக்கிறது. கரையிலேயே டென்ட் போட்டுத் தருகிறார்கள். ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்றாள். போனில் வீடியோ காட்டினாள். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடியது. கரையில் ஆரஞ்சு நிற டென்ட்கள் வரிசையாக நின்றன. காலையில் கண் விழித்து ஜிப்பைத் திறந்ததும் முதலில் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும், அது ஒன்று போதும் எனக்கு என்றாள்.

நாங்கள் ஏழு பேர். காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுவது எங்கள் வேலை. நான் கடைசி டேபிள். சுற்றி வருவதைச் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்குவேன். பதினாலு வருஷமாக அதே இடம்.

சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. யார் புளிசாதம், யார் பாய், யார் கொசுவத்தி என்று பங்கு பிரித்தார்கள். பழவேற்காட்டிலிருந்து வருகிறவள் கருவாடு கொண்டுவருவதாகச் சொன்னாள். வாசனைக்குக் கரடி வந்தால் அவளையே பேச்சுவார்த்தைக்கு அனுப்புவது என்று முடிவானது. நான் சிரித்துக்கொண்டு சாப்பிட்டேன். கூட்டத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சாமான் சேர்ப்பதைவிட வீடுகளில் சம்மதம் வாங்குவதுதான் பெரிய பாடாக இருந்தது. புருஷன், மாமியார், வளர்ந்த பிள்ளைகள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது. எல்லா வீட்டிலும் கடைசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம். அந்தக்கா வருதா? நான் வருகிறேன் என்றால் சரி. அதிகம் பேசாதவள், எங்கேயும் போகாதவள் என்று எனக்கு அப்படி ஒரு பெயர். பேசாமல் இருப்பதற்கும் நல்லவளாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

எங்களில் சின்னவள் கவரைப்பேட்டைப் பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம். அம்மா வீடு, மாமியார் வீடு தவிர வேறெங்கும் படுத்துத் தூங்கியதில்லை என்று ஒருநாள் சொல்லியிருந்தாள். அவள் மாமியார் எனக்கே போன் செய்தார். "நீ போறன்னாதாம்மா அனுப்புவேன். உன் பக்கத்துலயே படுக்க வெச்சிக்க. நீ இல்லன்னா வேணாம்" என்றார். சரிங்கம்மா என்றேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனதிலிருந்து சிறுநீரை அடக்க முடியாது. வருவது தெரிந்தால் நாற்பது ஐம்பது அடி நடப்பதற்குத்தான் நேரம். ராத்திரியில் நாலு தரம் எழுந்திருப்பேன். கம்பெனியில் என் டேபிளிலிருந்து பாத்ரூம் கதவு பத்து அடி. லைன் முழுக்க நடக்க வேண்டிய லைன் லீடர் வேலை இரண்டு முறை என்னைத் தேடி வந்தது. படிப்பு பத்தாவதுதான், எழுத்து வேலை வராது என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போய்த் தங்கியதில்லை. டாக்டரிடம் காட்டலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூச்சம், பெண் டாக்டரிடமும் கூச்சம்.

அந்த வீடியோவில் ஆறு இருந்தது, மரம் இருந்தது, பாத்ரூம் எங்கே என்று காட்டவே இல்லை. மூன்று முறை பார்த்தேன்.

மறுநாள் சாப்பாட்டில், அந்தத் தேதியில் என் தங்கை வீட்டில் காதுகுத்து இருக்கிறது, நான் வர முடியாது என்றேன். எனக்குப் பதில் யாராவது பெரியவர்களை அழைத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சின்னவள், பரவாயில்லக்கா என்றாள். சாயங்காலம் லாக்கர் ரூமில் அவள் ஒரு பையை மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு டிராக் பேன்ட். மாமியாருக்குத் தெரியாமல் பஜாரில் வாங்கி வைத்திருக்கிறாள். இதைக் கொடுத்தால் நைட்டியாக மாற்றித் தருவார்களா என்று என்னிடமே கேட்டாள்.

கம்பெனி பஸ்ஸில் பக்கத்து டேபிள்காரிதான் எப்போதும் என் அருகில் உட்காருவாள். அன்று கவரைப்பேட்டை தாண்டும் வரை பேசவில்லை. பிறகு குனிந்து, "இன்னாம்மே, உன் தங்கச்சி பசங்க ரெண்டும் காலேஜ் போய்க்கினு கீது. யாருக்குக் காதுகுத்து?" என்றாள்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் சொல்லும் பொய் அப்படித்தான் இருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் விடவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னேன். புருஷனிடம் கூட முழுதாகச் சொல்லாததை, முன் சீட்டுக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்ற பயத்தோடு சொன்னேன்.

அவள் என்னைப் பாவம் பார்க்கவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. "இதுக்கா எங்க எல்லாரையும் பேஜார் பண்ண?" என்று கேட்டுவிட்டு, இறங்கியதும் தச்சூர் கூட்டு ரோடு ஓரமாக நின்று டென்ட் போடுகிறவருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். லாரிகளின் சத்தத்தில் அந்த ஆளின் தெலுங்கு கலந்த தமிழைக் காதைக் கொடுத்துக் கேட்டோம். பாத்ரூம் இருக்கிறதாம். ஆனால் கரையில் இல்லை, மேட்டின் மேல் சமையல் கொட்டகைக்குப் பக்கத்தில். பாறை வழியாக ஏறினால் பத்து நிமிஷம்.

டென்ட்டை மேட்டிலேயே போட முடியாதா என்று கேட்டாள்.

"போடலாம் மேடம். ஆனா அங்க யாரும் கேக்கமாட்டாங்க. அங்கருந்து ஆறு தெரியாது."

"ஆத்தப் பகல்ல பாத்துக்கிறோம். நீ மேட்ல போடுப்பா" என்று போனை வைத்தாள்.

காதுகுத்து தள்ளிப்போய்விட்டது என்று மறுநாள் சொன்னேன். சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூடவே பக்கத்து டேபிள்காரி, டென்ட் எல்லாம் மேட்டில்தான், ராத்திரியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் தனக்குப் பயம் என்று அறிவித்தாள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆனால் மற்றவர்கள் அவளைச் சும்மா விடவில்லை. தண்ணி லாரியைப் பார்த்தாலும் ஓடுவாயா என்றார்கள். இத்தனை தூரம் போய்க் கக்கூஸ் பக்கத்தில் படுக்க எங்கள் ஊரே போதாதா என்றாள் பழவேற்காட்டுக்காரி. முதல் நாள் பக்கத்து டேபிள்காரியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மூன்றாம் நாள் யாரோ, ஜிப்பைத் திறந்ததும் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னவளே நீதானே என்று கேட்டதும், அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டுத் தண்ணீர் பிடிக்க எழுந்து போனாள்.

நான் பேசாமல் இருப்பதற்கான விலையை இன்னொருத்தி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வந்து உட்காரும் வரை காத்திருந்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அவளுக்குப் பயம் எல்லாம் இல்ல. எனக்குத்தான். அடக்க முடியாது. ராத்திரி நாலு தரம் போவணும். அதான் மேட்ல."

பக்கத்து டேபிள்காரி என் தொடையில் கிள்ளினாள், ஏன் சொன்னாய் என்பது போல. பழவேற்காட்டுக்காரி ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒரு வழி சொன்னாள். எல்லா டென்ட்டும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லையே, நாலு பேர் கரையில் படுக்கட்டும், நீங்கள் மேட்டில் படுங்கள் என்றாள். பக்கத்து டேபிள்காரியைக் கரைக்குப் போகச் சொன்னேன். காலையில் இறங்கி வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று மறுத்துவிட்டாள்.

மேட்டில் மூன்றாவது ஆள் சின்னவள்தான். என் பக்கத்தில் படுப்பதாகச் சொல்லித்தானே மாமியார் அனுப்புகிறார். அது நினைவுக்கு வந்ததும் எனக்கு மறுபடியும் சங்கடமாகிவிட்டது. வாஷ்பேசினில் கை கழுவும்போது அவளிடம், என்னால் உனக்கும் ஆறு இல்லாமல் போகிறதே என்றேன்.

அவள் குழாயை மூடிவிட்டு யோசித்தாள்.

"நாலு தரம் வெளிய வருவியாக்கா?"

ஆமாம் என்றேன்.

"எங்க ஊட்ல எட்டு மணிக்குக் கதவச் சாத்தினா அவ்ளோதான். ராத்திரி வெளிய எப்டி இருக்கும்னே நான் பாத்ததில்ல. நாலு தரமும் என்ன எழுப்பு. தூங்கிட்டேன்னு விட்டுட்டுப் போய்டாத."

எழுப்புகிறேன் என்றேன்.