சித்தப்பா பாய்ச்சிய பாதை

பிரமிடுகளை வேற்றுக் கிரகத்துக்காரர்கள் கட்டினார்கள் என்று என் சித்தப்பா நம்புகிறார். அதில் எனக்கு நஷ்டமில்லை. எங்கள் வாய்க்காலுக்குப் பாலம் போட வேண்டிய வாரத்தில் அதையே பேசிக்கொண்டிருந்ததுதான் தொல்லை.

பாலம் என்றால் ஒரே ஒரு கருங்கல் பலகை. அப்பா சிங்கப்பூரில் இருப்பதால் வயலை அம்மாதான் பார்க்கிறார். வழியில் வாய்க்கால். குறுக்கே கிடந்த பனைமரம் உளுத்துப்போக, போன சாகுபடியில் தண்ணீரில் இறங்கிய அம்மா வழுக்கி விழுந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். இன்னொரு முறை விழுந்தால் வயலை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் மருத்துவர். மேட்டூர் திறந்தாயிற்று. தண்ணீர் எங்கள் கடைமடைக்கு வருவதற்குள் கல்லை வைத்தாக வேண்டும். சிவில் இன்ஜினியரான நான் சென்னையிலிருந்து விடுப்பில் வந்தேன்.

சீர்காழியில் இடித்த வீடொன்றிலிருந்து வாங்கிய கல்லை லாரி சாலையோரம் இறக்கிவிட்டுப் போனது. அங்கிருந்து வாய்க்கால் வரை குறுகலான மண்பாதை. ஜேசிபி ஏறினால் பாதை சரியும். தென்னந்தடியை உருளையாகப் போட்டால் வண்டலில் புதையும். மிஞ்சியது எகிப்து வழி.

பிரமிடின் மேலே கற்களை எப்படி ஏற்றினார்கள் என்பதில் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. நேர்ச் சாய்தளம், சுற்றி ஏறும் சாய்தளம், இரண்டும் கலந்தது என யூகங்கள் பல. தரையில் இழுத்ததற்கு, பெரிய பிரமிடுகளுக்குப் பிந்தைய ஒரு கல்லறை ஓவியம் துப்புத் தருகிறது. சறுக்குக் கட்டைமேல் பெரிய சிலை. ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். கட்டையின் முனையில் நிற்கும் ஒருவன் முன்னால் தண்ணீர் ஊற்றுகிறான். காய்ந்த மணல் குவிந்து தடுக்கும். அளவாக நனைந்தால் இறுகி வழிவிடும். அளவு மீறினால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

இதைச் சித்தப்பாவிடம் வரிசையாகச் சொன்னேன். வீடு கட்டி மிஞ்சிய மணலைப் பாதையில் பரப்ப வேண்டும். பழைய தேக்குக் கதவின்மேல் கல்லைக் கட்ட வேண்டும். இழுக்கும்போது பூவாளியால் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏம்மா, தண்ணி தெளிச்சா கல்லு நகருமா? ஏலியன் வந்து தூக்கி வச்சான்னு யூடியூப்ல காட்டுறான்."

"அப்ப நம்ம கல்லுக்கும் அவனையே கூப்பிடுங்க சித்தப்பா."

"நம்பர் குடு, கூப்பிடுறேன்."

கல்லைக் கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள்.

மறுநாள் காலை பூவாளியோடு போனால் மணல் பரப்பிய பாதை முழுக்கத் தண்ணீர் நின்றது. சித்தப்பா மோட்டார் கொட்டகை வாசலில் பெருமையாக நின்றிருந்தார்.

"என்ன சித்தப்பா இது?"

"நீதானம்மா ஈரம் வேணும்னே. பூவாளில எப்ப நனைக்கிறது? ராத்திரியே மோட்டாரப் போட்டு மடையத் திருப்பி விட்டுட்டேன்."

எங்கள் ஊரில் நனைப்பது என்றால் பாய்ச்சுவது. தண்ணீருக்காகவே காத்துக் கிடக்கும் கடைமடைக்காரர்களிடம் 'போதும்' என்பதற்கு அளவு கிடையாது.

நான் சொல்லியும் கேட்காமல் ஆட்கள் இழுத்தார்கள். கதவு கொஞ்ச தூரம் போய் முனை குத்தி நின்றது. இழுக்க இழுக்கப் புதைந்தது. "ஏலியன் இன்னும் கிளம்பலையா?" என்றார் ஒருவர். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். தண்ணீர் வரும் திசையையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மோட்டாரை நிறுத்தி, மறுபடி யாரும் போட முடியாதபடி ஃபியூஸ் கேரியரைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"மோட்டார் என்னம்மா பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணல சித்தப்பா."

கடப்பாறையால் கல்லை நெம்பிக் கதவை மீட்டோம். சேற்றை வழித்தெடுத்து, மீதி மணலைப் போட்டோம். அப்புறம் வெயிலுக்குக் காத்திருப்பு. பக்கத்து ஊர் மதகைத் தண்ணீர் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. நான் போய்ப் போய் மணலை அள்ளிப் பிடித்துப் பார்த்தேன். புட்டு மாவின் பக்குவம் வேண்டும்: பிடித்தால் நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். மாலை வரை கையில் சேறுதான் வந்தது.

அடுத்த நாள் காலை பக்குவம் வந்தது. பூவாளியை யாரிடமும் கொடுக்கவில்லை. கதவு முதலில் முனகியது, பிறகு நழுவியது. மதியத்துக்குள் கல் வாய்க்காலின் குறுக்கே உட்கார்ந்துவிட்டது. மாலையில் அதன் அடியில் தண்ணீர் ஓடியது.

சித்தப்பா கல்லின் நடுவில் நின்று எதிர்க்கரைக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "ராத்திரி முழுக்கத் தண்ணி விட்டேன்ல, அதான் வழுக்கிட்டு வந்துடுச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

"தம்பி, கதைய ஓரமா நின்னு சொல்லுங்க. நான் போவணும்."

"வாங்கண்ணி, வாங்க."

அவர் விலக, அம்மா மெல்லக் கடந்து அந்தப் பக்கம் இறங்கினார். சேலையில் ஈரம் இல்லை.

ஃபியூஸ் கேரியரை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.