சத்தம் போடாத ரிலே

எண்பதுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். மழைக்காலத்தில் மிளகு உலர்த்த அங்கே மின்சார ஹீட்டர் ஓடும். சுவிட்சை அணைத்தால் அதன் பழைய ரிலே ‘டக்’கென்று கரண்டை வெட்டும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் யாரும் ஹீட்டரில் கை வைப்பார்கள். அதைக் கழற்றிவிட்டு, சத்தமே போடாத எலக்ட்ரானிக் ரிலேயைப் பெருமையோடு மாட்டியவன் நான்.

ஒருநாள் ஹீட்டர் சூடாகவில்லை. கம்பிச்சுருள் அறுந்திருந்தது. சுவிட்சை அணைத்தேன். ரிலேயின் மேலிருந்த சின்ன விளக்கும் அணைந்தது. சுருளைக் கழற்ற வந்த திருநெல்வேலிக்காரன் மாரியப்பன் தயங்கினான்.

“சேட்டா, தொடலாமா? சத்தம் ஒண்ணும் கேக்கலையே?”

“இது புதுசுடா, சத்தம் போடாது. லைட்டு அணைஞ்சிருச்சுல்ல? தொடு” என்று சிரித்தேன்.

தொட்டதும் தூக்கி எறியப்பட்டான். உயிர் பிழைத்தான், வலது கையில் இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது.

பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். அந்த விளக்கு, ரிலேக்குப் போகும் உத்தரவை மட்டுமே காட்டுவது. ரிலே உள்ளே எரிந்து ஷார்ட்டாகி, உத்தரவு நின்ற பிறகும் கரண்டை விட்டுக்கொண்டிருந்தது. கரண்டை அடியோடு வெட்ட, ரிலேக்கு முன்னால் ஒரு மெயின் சுவிட்ச் வைத்திருக்க வேண்டும். நான் வைக்கவில்லை.

“எல்லாம் அவனோட அசிரத்தைதான்” என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் ஃப்யூஸைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். டெஸ்டர் வைத்துப் பார்க்கிறேன். அதன் பிறகும் யாரையும் தொடச் சொல்வதில்லை. முதலில் என் கையை வைக்கிறேன்.