ஆறு மணிச் செவ்வாய்

குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் கோழிச் சூப்பின் மணம் வேலியைத் தாண்டி எங்கள் குசினிக்குள் வந்துவிடும். எங்கள் வீட்டில் அன்று சைவம் என்பதால், மெல்பேர்ணில் அடுத்த வீட்டு யூதக் குடும்பத்து மிரியம் சாப்பிடக் கூப்பிட்டால் நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடுவேன்.

ஆனால் அங்கே சாப்பாடு லேசில் கிடைக்காது. மிரியத்தின் அப்பா தொழுகைக்கூடத்திலிருந்து வரும்போது ஆறு மணி கடந்திருந்தால், ஏழு மணி வரை திராட்சை ரசக் கிண்ணத்தைத் தொடமாட்டார். அதைக் கையிலேந்தி அவர் வேண்டுதல் சொல்லாமல் வேறு யாரும் உணவில் கை வைக்கவும் முடியாது. அந்த ஒரு மணி நேரம் செவ்வாய்க் கிரகத்தின் ஆட்சியாம், மறைஞானம் படித்த அவர்களுடைய முன்னோர் ஏற்படுத்திய வழக்கமாம்.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். எங்கள் வீட்டிலும் அதே கிரகம்தான் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது. அக்காவுக்குச் "செவ்வாய் குற்றம்". ஸ்பிரிங்வேல் பக்கமிருந்து விரும்பிப் பெண் கேட்டு வந்தவரை அவளுக்கும் நன்றாகப் பிடித்திருந்தது. அப்பாதான் சாதகத்தைப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கிழமை மிரியம் வீட்டு மேசையில் என் வயிறு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இரைந்தது. அவள் அப்பா என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், கிண்ணத்தை எடுத்துவிட்டார். ஏழாகவில்லையே என்றாள் மிரியம். வீட்டில் ஒருவர் பசித்திருந்தால் காத்திருக்கத் தேவையில்லை, அதுவும் எங்கள் சட்டத்தில் இருக்கிறது என்றார் அவர்.

வீட்டுக்கு ஓடிவந்து நடந்ததைச் சொல்லி, அக்காவுக்கும் அப்படி விலக்குக் கொடுக்கலாமே என்று அப்பாவிடம் கெஞ்சினேன்.

"அது அவையின்ர செவ்வாய், பிள்ளை. எங்கட சாத்திரத்தில அப்பிடி விளையாடேலாது."

கோப்பை கழுவிக்கொண்டிருந்த அக்கா அடுத்த கோப்பையை எடுத்தாள். செவ்வாய் குற்றத்துக்கு விலக்கு எங்கள் சாத்திரத்திலும் தாராளமாக உண்டு. அதைத் தேடிப் பார்க்க அப்பாவுக்குத்தான் மனம் வரவில்லை. அக்காவைக் கேட்டு வந்தவருக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தது.

இப்போது மிரியம் வீட்டை இடித்து மாடிக்குடியிருப்பு கட்டிவிட்டார்கள். சூப்பு மணம் இல்லை. அக்காவைக் கேட்டு யாரும் வருவதும் எப்போதோ நின்றுபோயிற்று. வயது போன அப்பாவுக்குத்தான் ஆறு மணியானால் பசி பொறுக்காது, மேசையைத் தட்டுவார்.

"எவ்வளவு நேரந்தான் பிள்ளை பாத்துக்கொண்டிருக்கிறது?"

"கொண்டு வாறன் அப்பா" என்று, நரைத்த தலையை முடிந்துகொண்டு, அக்கா சோற்றைப் போடுகிறாள்.