பிள்ளைக் காம்பராவில் ஊதாக் கிழங்கு

பிள்ளைக் காம்பராவில் சமைக்கிறவளுக்கு நல்ல பெயர் கிடைப்பதே இல்லை: தட்டு காலியானால் பிள்ளைக்கு நல்ல பசி என்பார்கள், மிஞ்சினால் ஆயம்மாவுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்பார்கள். வீட்டில் ஒரே ஒரு பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதற்குள் தொண்டை வற்றிப்போகும் உங்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே விளங்கும். எனக்கோ ஒரு கூடம் நிறையப் பிள்ளைகள். இலங்கை மலைநாட்டில் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம் எங்களுடையது. காலையில் அம்மாமார் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். மேற்பார்வைக்கு மிஸ் ஒருவர் இருக்கிறார். சமையல், துடைப்பு, தாலாட்டு, அதட்டல் எல்லாம் என் பொறுப்பு.

அசையாத முள்

மாதம் ஒரு தடவை மிட்வைஃப் அம்மா வந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். எல்லாப் பிள்ளைகளுக்கும் முள் கொஞ்சமாவது நகரும். பவித்ராவுக்கு மட்டும் போன மாதம் நின்ற இடத்திலேயே நிற்கும். நாலு வயதை நெருங்குகிற பிள்ளை, கைகள் இரண்டும் முருங்கைக்காய் மாதிரி. காய்ச்சல் கிடையாது, பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளை என்றாலாவது சமாதானம் சொல்லலாம். கூடத்தில் முதலில் காலியாவதே அவள் தட்டுதான்.

அடுத்த முறையும் முள் அசையாவிட்டால் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று மிட்வைஃப் அம்மா சொன்னார். பவித்ராவின் அம்மா கலா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். உள்ளுக்குள் ஏதோ பெரிய வியாதி என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம்தான், ஆனால் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. மிட்வைஃப் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"தட்டு காலின்னு சொல்றீங்க. அப்ப சாப்பாடு எங்கதான் போவுது ஆயம்மா?"

சுண்ணாம்பு வாளி

பதுளையில் நடந்த பயிற்சிக்குப் போய்வந்த மிஸ், ஊதா நிற வத்தாளங்கிழங்கை, அதுதான் சர்க்கரைவள்ளியை, சோற்றோடு தொட்டுக்கொள்ளக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு ரொம்ப நல்லது என்றார். பவித்ராவுக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பண்டாரவளைக்குப் போனேன். சந்தையில் ஒரு முஸ்லிம் வியாபாரி நானா, மொனராகலைப் பக்கமிருந்து வந்த கிழங்கைக் குவித்து வைத்திருந்தார். நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே நாவற்பழ நிறம். இது உண்மையிலேயே நல்லதா என்று கேட்டதற்கு அவர், "தங்கச்சி, நான் விக்கிற ஆளு. நல்லமில்லண்டு சொல்லுவனா?" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போனது.

மறுநாள் தோலைச் சீவி, துண்டு போட்டு, வழக்கம்போல மஞ்சளும் தேங்காய்ப்பாலும் விட்டு வேகவைத்தேன். மூடியைத் திறந்தால் எனக்கே திக்கென்றது. ஊதாவும் மஞ்சளும் பாலும் சேர்ந்து பச்சையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு நிறம். பிள்ளைகள் எல்லாரும் பேசி வைத்தது போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மிஸ் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இத பிள்ளைங்க சாப்பிடணுமா ஆயம்மா, இல்ல சுவத்துக்குப் பூசணுமா?"

எலுமிச்சையின் உபகாரம்

தோற்றுப்போக எனக்குப் பிடிக்காது. அடுத்த நாள் கிழங்கைத் தோலோடு ஆவியில் வேகவைத்தேன். அப்படிச் செய்தால் சாயம் தண்ணீரில் இறங்கி வீணாவதில்லை. ஆறியதும் தோலை உரித்து, பிள்ளைகளின் கைக்கு அடக்கமாகத் துண்டுகள் போட்டேன். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, மிளகாய் சேர்க்காமல், உப்பும் துருவிய தேங்காயும் போட்டுப் புரட்டினேன். கடைசியில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தேன். சாறு பட்ட இடமெல்லாம் ஊதா மாறி ரோஜா நிறமாகிவிட்டது! பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார்கள். பவித்ரா மறுபடியும் கேட்டு வாங்கினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிற பரத்கூட என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"ஆயம்மா, அந்த மிட்டாயி இன்னொன்னு."

நீல உதடு

ஒருநாள் எலுமிச்சை கிடைக்கவில்லை. அது இல்லாமலே, ஊதா ஊதாவாகவே கொடுத்தேன். மத்தியானம் மலையிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்த ராஜேஸ்வரி, தன் மகனின் உதடும் நாக்கும் நீலம் பாய்ந்திருப்பதைக் கண்டாள். எங்கள் பக்கத்துக் குளிரில் பிள்ளைக்கு உதடு நீலமானால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம், அது எல்லா அம்மாமாருக்கும் தெரியும். நான் கைக்குழந்தை ஒன்றுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தேன். "அடியே, அது கிழங்குடி" என்று கத்திக்கொண்டே வெளியில் வருவதற்குள், மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடிவிட்டாள்.

நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே மருந்துக்கார ஐயா பஞ்சை நனைத்துப் பையனின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஞ்சு நீலமானது, உதடு சிவப்பானது. ராஜேஸ்வரி அப்படியே வாங்குப் பலகையில் சாய்ந்துவிட்டாள். ஐயா பஞ்சை முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மருந்து ஒன்னும் வேணாம். கெழங்கு மிச்சமிருந்தா எனக்கு ரெண்டு துண்டு குடுத்தனுப்புங்க."

பைக்குள் கறை

நிறுவை நாளுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. காலையில் பவித்ராவை விட வந்த கலா, கையில் மகளின் கவுன் ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நின்றாள்.

"கெழங்குல என்னதான் போடுறீங்க ஆயம்மா? எத்தன வாட்டி தொவச்சாலும் கவுன் பையில புடிச்ச கறை போவ மாட்டேங்குது."

"வாயில கறை வரும், நெஞ்சுல வரும். பைக்குள்ள எப்படி கலா வரும்?"

"நீங்கதானே பையில போட்டு எனக்குக் குடுத்து விடுறீங்க!"

நான் எதையும் கொடுத்து விட்டதே இல்லை. கேட்கக் கேட்கத்தான் விஷயம் வெளியில் வந்தது. தினமும் சாயங்காலம் லயத்து வீட்டுக்குப் போகிற வழியில் பவித்ரா பையிலிருந்து எடுத்து, "ஆயம்மா குடுத்தாங்க" என்று அம்மா வாயில் வைப்பாளாம். கிழங்குக்கு முன்னால் அவித்த கடலை, பாதி முட்டை. மிஞ்சினதை நான் மனமிரங்கிக் கொடுத்து விடுகிறேன் என்று கலா நினைத்திருக்கிறாள். அதைக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை. நான் சின்னதுகளை மடியில் வைத்து ஊட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், இவள் வெறும் சோற்றைத் தின்றுவிட்டுச் சத்தானதையெல்லாம் பைக்குள் போட்டிருக்கிறாள்.

பிள்ளைக்கு வியாதி இல்லை! எனக்கு முதலில் தோன்றியது அதுதான். கலாவுக்கு அப்படித் தோன்றவில்லை. தன் பிள்ளையின் சாப்பாட்டைத் தானே தின்றிருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தாய் என்று பவித்ராவிடம் கேட்டேன். திட்டு விழுமோ என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா காலையில வெறும் தேத்தண்ணி மட்டுந்தான் குடிக்கும். ரொட்டிய எனக்குக் குடுத்துரும்."

நிறுவை நாள்

காம்பராச் சாப்பாட்டைப் பெரியவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. அது சரியான சட்டம்தான். ஆகவே என் வீட்டிலிருந்தே கிழங்கு அவித்துக்கொண்டு வந்தேன். மத்தியானம் கலா மலையிலிருந்து இறங்கியதும் மகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ஆளுக்கொரு தட்டு வைத்தேன். பவித்ரா முதலில் அம்மாவின் வாயைப் பார்ப்பாள். அது அசைந்த பிறகுதான் தன் வாயில் போடுவாள். மிஸ் கவனித்தார், கலாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நிறுவை அன்று பவித்ரா தராசில் தொங்கிக்கொண்டு காலை ஆட்டிச் சிரித்தாள். ஆட்டம் நிற்கும்வரை நாங்கள் எல்லாரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் பழைய இடத்தைத் தாண்டி நின்றது. மிட்வைஃப் அம்மா நம்பாமல் இறக்கி, மறுபடியும் தொங்கவிட்டார். அப்போதும் தாண்டியே நின்றது. கலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்த சின்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், அது பிள்ளைகள் உட்காரும் நாற்காலி என்பதுகூட நினைவில்லை. மிட்வைஃப் அம்மா சிரித்தார்.

"பதுளைக்குப் போவத் தேவையில்ல. அந்தக் கெழங்க எங்க வாங்கினீங்க ஆயம்மா?"

பிள்ளைக்குச் சத்து சேர்க்க ஆள் வைத்தோம், பயிற்சி வைத்தோம், தராசும் வைத்தோம். பெற்றவள் சாப்பிட்டாளா என்று கேட்க மட்டும், அந்த நாலு வயது ஆகாதவளைத் தவிர, எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.