சவக்காலையில் ஆள் தேடின காலம்

சவக்காலையில வேலை செய்யிறவனுக்குச் செத்த ஆக்களால ஒரு கரைச்சலும் இல்லை. கரைச்சல் முழுக்க அவையைத் தேடி வாற ஆக்களாலதான். தொண்ணூறுகளின்ர நடுவில, கனடாவில, ஸ்காபரோவில ஸ்கொட்லாந்துக்காரரின்ர பழைய சேர்ச் ஒண்டின்ர சவக்காலையில புல்லு வெட்டிக்கொண்டு நிண்டனான். பக்டரியிலயும் டோனட் கடையிலயும் நாரி முறிஞ்ச நீங்கள், இது சுகமான வேலை எண்டு நினைப்பியள். புல்லோட விட்டால்தானே! "எங்கட பூட்டனைக் காட்டு, பூட்டியைக் காட்டு" எண்டு வாற சனத்துக்குக் கல்லுத் தேடிக் குடுக்கிறதும் என்ர தலையிலதான் விழுந்தது. அந்த நேரம் யாழ்ப்பாணத்தில சண்டையால சனமெல்லாம் இடம்பெயர்ந்து போக, என்ர அம்மா எங்கை எண்டே தெரியாமல் நான் நிண்டன். அந்த வயித்தெரிச்சலோடதான் இதைச் சொல்லுறன், குறை நினையாதேங்கோ.

எல்லாரும் ஜோன்

ஸ்கொட்லாந்துக்காரருக்குப் பேருக்குப் பஞ்சம். தகப்பன் ஜோன், மகன் ஜோன், பேரனும் ஜோன். வன்கூவரில இருந்து வந்த ஒரு மனுசி தன்ர பூட்டன் ஜோனைக் கேட்டா. அதே குடும்பப் பேரோட நாலு ஜோன் கிடந்தினம். கொதிக்கிற வெயிலுக்குள்ள நாலு பேரையும் காட்டினன். மனுசி சுத்திச் சுத்திப் பாத்திட்டு, பூ செதுக்கின பெரிய கல்லுக்கு முன்னால போய் நிண்டு கமராவை என்ர கையில தந்தா. "இதுதான் வடிவாயிருக்கு. இவரே எங்கட ஆளா இருக்கட்டும், எடு!"

கண்ணாடி வித்தை

பழைய கல்லுகளை மழையும் பனியும் திண்டு எழுத்தெல்லாம் அழிஞ்சு போயிருக்கும். என்ர சூப்பவைசர் இயன் ஒரு வித்தை காட்டித் தந்தவர். முகம் பாக்கிற பெரிய கண்ணாடியால வெயிலைப் பிடிச்சுக் கல்லில சரிவா அடிச்சால், தேஞ்ச எழுத்துக்கு நிழல் விழுந்து பேர் தெரியும். தேய்க்க மட்டும் கூடாது, கல்லு உதிர்ந்து போகும்.

ஒருநாள் கோட்டுப் போட்ட கிழவர் ஒருத்தர் இரும்புப் பிறஷ்ஷால கல்லை விறாண்டத் தொடங்கினார். ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு, "ஐயா, வேண்டாம், நான் கண்ணாடி கொண்டு வாறன்" எண்டன். கிழவர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். "நேற்று வந்த நீ, எங்கட ஆக்களின்ர கல்லைத் தொடாதே எண்டு எனக்கே சொல்லுறியோ?"

கராஜில பைப் இருக்கு

நான் குடியிருந்தது அஜின்கோர்ட்டில ஒரு பேஸ்மன்ற்றில. மேல இருந்த வீட்டுக்கார அன்ரி எங்கட ஊர் ஆள். நல்ல மனுசி, ஆனால் ஆசாரம் கொஞ்சம் கூட. பார்க்கில வேலை எண்டு சொல்லிச் சமாளிச்சுக்கொண்டிருந்தன். ஆரோ பஸ்ஸில போகேக்க என்னைக் கண்டு அவவுக்குக் கோள் மூட்டிப்போட்டினம். அண்டைக்கு மார்கழிக் குளிர். சவக்காலைப் பாதையில பனி அள்ளிக் களைச்சுப் போய் வாறன், அன்ரி கதவை மறிச்சுக்கொண்டு நிக்கிறா.

"தம்பி, சுடலைக்குப் போனால் தலையில தண்ணி வாத்துத் தோஞ்சு போட்டெல்லோ வீட்டுக்குள்ள கால் வைக்கிறது? கராஜில பைப் இருக்கு."

பைப் உறைஞ்சு போச்சு அன்ரி எண்டன். மனுசி வழி விடேல்லை. "அப்ப அது இளகும் மட்டும் வேற வேலை பாருங்கோ."

மாமாவின்ர ரெலிபோன்

பனி கரையிற நேரம், அம்மாவின்ர தம்பி, என்ர மாமா, ஒருமாதிரிக் கொழும்புக்கு வந்து சேந்து ரெலிபோன் எடுத்தார். இடம்பெயர்ந்து நடந்து போகேக்கையே அம்மா செத்துப் போனாவாம். மழைக்குள்ள எரிக்க விறகும் இல்லை, நிண்டு செய்ய நேரமும் இல்லை. சாவகச்சேரிக்குக் கிட்ட ஆரோ ஒருத்தரின்ர தென்னங்காணியில, வேலிக்கரையில கிடங்கு வெட்டித் தாட்டதாம்.

"ஆரின்ர காணி மாமா? எந்தப் பக்க வேலி? ஒரு கல்லாவது வைச்சியளோ?" சவக்காலைக்கு வாற சனம் என்னைப் போட்டுக் குடையிற மாதிரியே நானும் அவரைக் குடைஞ்சன். மாமா விக்கி விக்கி அழுதார். "நாங்கள் எரிக்கிற ஆக்களடா. எரிச்சுச் சாம்பலைக் கடலில கரைச்சுப்போட்டு வரத் தெரியும். தாட்ட இடத்தில அடையாளம் வைக்கோணும் எண்டு எங்களில ஆருக்கடா தெரியும்?"

வேலிக்கரைக் கல்

எங்கட சவக்காலை வேலிக்கரையிலயும் ஒரு சின்னக் கல் கிடந்தது. பேர் தெரியாது, தேடி வர ஆளும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அதுக்கு முன்னால ரெண்டு பூ வைச்சன். பிறகு எல்லா வெள்ளியும் வைச்சன், கற்பூரமும் கொழுத்தினன். "இதில இருங்கோ அம்மா" எண்டு வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறன். இயன் கண்டவர், மற்றப் பக்கத்தால சுத்திப் போட்டார். அதுக்குப் பிறகுதான் எனக்கு ஒழுங்கா நித்திரை வந்தது. அந்தக் கல்லுக்கு மட்டும் நான் கண்ணாடி பிடிக்கேல்லை.

அடுத்த கோடையில ஒரு குடும்பம் வந்து, தங்கட பூட்டி மார்கரெட் வேலிக்கரையிலதான் இருக்கிறா எண்டு நிண்டுது. வேணுமெண்டே மற்றப் பக்கமெல்லாம் கூட்டிக்கொண்டு திரிஞ்சன். கடைசியில இயன் கண்ணாடியைத் தந்து, "அதையும் பாத்துவிடு" எண்டார். பிடிச்சன், வேற என்ன செய்ய? மார்கரெட் எண்டு ஒவ்வொரு எழுத்தா எழும்பி வந்தது.

வந்தவையில மூத்த மனுசி கல்லைக் கட்டிப்பிடிச்சு அழுதா. பிறகு வாடின பூவைக் கண்டிட்டு என்னைப் பாத்தா. நான்தான் எண்டு தலையாட்டினன். என்ர கையை இறுக்கிப் பிடிச்சு, மெய்யான அன்போடதான் சொன்னா: "இவ்வளவு காலமும் எங்கட பூட்டியைப் பாத்ததுக்கு நன்றி. இனி நீ கஷ்டப்படத் தேவையில்லை, நாங்கள் வந்திட்டம்."

இந்த நாட்டில பேஸ்மன்ற் மட்டுமில்லை, பெத்த தாய்க்குப் பூ வைச்ச இடமும் எனக்கு வாடகைக்குத்தான் கிடைச்சது, சொந்தக்காரர் வந்தால் எழும்பிக் குடுக்கோணும்.