சாத்தியே கிடந்த ஜன்னல்

தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். பக்கத்து வீட்டு மீன்கார அக்கா தன் கூடையைக் கழுவி அதன் கீழேதான் கவிழ்த்து வைப்பார். நாற்றம் தாங்கவில்லை. நேரில் சொல்லக் கூச்சப்பட்டு, ஒருநாள் அவர் பார்க்கும்போதே ஜன்னலைப் படாரென்று சாத்தினேன். பிறகு திறக்கவே இல்லை. நாற்றம் போக வேண்டுமென்று காலையில் ஊதுவத்தி, சாயங்காலம் சாம்பிராணி, அதற்கு மேல் கொசுவத்தி.

மழைக்காலத்தில் என் சின்ன மகளுக்கு இளைப்பு வந்தது. மீன் நாற்றத்தால்தான் என்று மனைவியிடம் புலம்பினேன். ஒரு மாலை குழந்தை மூச்சுவிடத் திணறியபோது நான் கைகால் ஓடாமல் நின்றேன். சத்தம் கேட்டு ஓடிவந்து, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அந்த அக்காதான்.

"வீட்டுல புகை ஏதாவது போடறீங்களா? ஜன்னல் திறந்திருக்குமா?" என்று டாக்டர் கேட்டார்.

"என் மீன் கூடை நாத்தத்துக்குத்தான் சார் அண்ணன் சாத்திக்கினாரு," என்றார் அக்கா. "அன்னிக்கே கூடைய பின்னாண்ட மாத்திட்டேன். சொல்லலாம்னா, என்னப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கினு போறாரு."

குழந்தை பிழைத்துக்கொண்டாள். வீடு திரும்பியதும் ஜன்னலைத் திறந்தேன். கீழே வெறும் தரைதான் இருந்தது. இல்லாத நாற்றத்துக்குப் பயந்து, பெற்ற மகளுக்கு நானே புகை ஊட்டியிருக்கிறேன்.

தெருவில் பார்க்கும்போதெல்லாம், "பாப்பா எப்டிகீது ண்ணா?" என்று அவர் கேட்பார். "நல்லா இருக்கா," என்பேன். மன்னிப்பை மட்டும் இன்னும் கேட்கவில்லை.