நேசையன் விட்டுவைத்த திட்டு

ராகேல் குளத்திலிருந்து திரும்பினால் துணி காயப்போடும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவாள். இன்று மீன்கொத்தி வந்தது. நீர்க்காகம் வந்தது. தாமரைக்கோழி மட்டும் வரவில்லை. முன்பக்கத்துக் கடையில் மிளகாய் நிறுத்துக்கொண்டே அவள் கணவர் நேசையன் ‘ம்’ போடுவார். கடையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழ். பேச்சு காதில் விழும், மனதில் தங்காது.

1952இல் ராகேல் காய்ச்சலில் போனாள். மகன் ராஜமணி திருவனந்தபுரத்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். கடைக்கு எப்போதும்போல ஆட்கள் வந்தார்கள். மாலையில் நிரைப்பலகைகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் செருகிக் கடையை அடைத்த பிறகுதான், வீட்டுக்குள்ளிருந்து பேச்சு வராதது நேசையனுக்குக் கேட்டது.

ஒருநாள் குளத்துக்குப் போய்ப் பார்த்தார். தண்ணீர் தெரியவில்லை. கரை முதல் கரை வரை ஆகாயத்தாமரை. ஊதாப் பூவுக்கு ஆசைப்பட்டு யாரோ கொண்டுவந்து போட்ட செடி. அதற்கடியில், தாமரைக்கோழி நடந்து திரியும் ஆம்பல் செத்துப்போயிருந்தது. ராகேல் கடைசி வருடம் முழுக்க ‘தாமரைக்கோழி வரவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் வாழைத்தடிகளைச் சேர்த்துக் கட்டித் தெப்பம் செய்தார். தொரட்டியால் செடியைக் கொத்துக் கொத்தாக இழுத்துக் கரையோரம் குவித்தார். முதல் மழையில் குவியல் முழுவதும் மறுபடி குளத்துக்குள் இறங்கியது. அதன்பின் மேட்டுக்குச் சுமந்துபோய், வேர் வெயிலைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டார்.

“கட அடச்சா குளத்துல வேலையாமே அண்ணாச்சி. கூலி ஆரு தாரா?” என்று கேட்டாள் புளி வாங்க வந்த தங்கபாய்.

“ஆரும் தரல்ல.”

“அப்ப தலைக்குத்தான் எண்ண வைக்கணும். நல்லெண்ண உண்டுமா?”

சிரித்துக்கொண்டே போனாள். கூட வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கூப்பிடவில்லை.

செடி விலக விலக மேற்குக் கரையில் ஆம்பல் மறுபடி துளிர்த்தது, பறவைகள் வந்தன. அன்றன்று கண்டதை நிரைப்பலகையின் உட்புறத்தில் கரியால் எழுதினார். உள்ளான். முக்குளிப்பான். பெயர் தெரியாததற்கு நிறத்தை எழுதினார். கடை அடைத்திருக்கும்போது மட்டுமே தெரிகிற எழுத்து அது. அப்போது உள்ளே இருப்பவர் அவர் ஒருவர்தான்.

1954 ஆனியில் நடுக்குளத்தில் ஒரே ஒரு திட்டு மிஞ்சியது. தெப்பத்தில் போய்த் தொரட்டியை ஓங்கியவர் கையை இறக்கினார். செடிமேல் நாலு முட்டை, செம்புப் பாத்திரம்போல மினுங்கின. பக்கத்தில் இரண்டு பறவைகள். பிடரியில் பொன்மஞ்சள், சேவல் வாலைப்போல வளைந்த கறுப்பு வால். அவர் அதுவரை பார்த்ததே இல்லை. ஆனாலும் தெரிந்தது. ராகேல் சொன்ன அடையாளம்.

சில நாளில் ஒன்று போய்விட்டது. மற்றது இருந்து அடைகாத்தது.

குளத்து மடைக்குக் கீழே, கீழ்ப்பத்தில் வயல் வைத்திருக்கும் பொன்னுலிங்கம் கடையேறி வந்தார்.

“ஓய், பேச்சிப்பாறை அணையில இருந்து வெள்ளம் விடப் போறானுவ. குளம் பெருகினா அந்தத் திட்டு மடை வழியா என் வயலுக்குத்தான் வரும். ரெண்டு வருசமா பறிச்ச மனுசன், ஒரு கொத்தை மட்டும் எதுக்கு விட்டீரு?”

“முட்ட கிடக்கு.”

“கோழி முட்டையா?”

“தாமரைக்கோழி.”

“அதக் குழம்பு வைக்கவும் பற்றாது. ஒரு பச்சிக்காக என் நெல்லு போணுமா வே?”

“ஒம்ம வயலுக்கு ஒரு இலை வராது. நான் பொறுப்பு.”

பொன்னுலிங்கம் அவர் முகத்தைப் பார்த்தார். “வந்தா நீருதான் எறங்கிப் பறிக்கணும்” என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த சாமானையும் மறந்து போனார்.

விற்கிற தேங்காய்த் தும்புக்கயிறு கடையிலேயே இருந்தது. திட்டைச் சுற்றி மூங்கில் கழிகளைச் சேற்றில் அடித்து இறக்கி, கயிற்றைத் தளர்வாகச் சுற்றினார். தண்ணீர் ஏறினால் திட்டும் ஏற வேண்டும், விலகிப் போகக் கூடாது. மடைவாயிலும் ஓலை வரிந்தார். தண்ணீர் வந்த அன்று கடையைத் திறக்கவில்லை. மடையருகே இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அறுந்து வந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். திட்டு உயர்ந்தது, நகரவில்லை. பறவை ஒருமுறை எழுந்து மறுபடி உட்கார்ந்தது.

பிறகொரு காலையில் முட்டைகளுக்குப் பதில் குஞ்சுகள். அவர் நெருங்கியதும் பறவை அவற்றை இறக்கைக்கடியில் இடுக்கிக்கொண்டது. நீண்ட கால்கள் மட்டும் வெளியே தொங்கின. குஞ்சுகள் மேற்குக் கரை ஆம்பல் இலைகளுக்கு மாறும்வரை பொறுத்திருந்தார். அப்புறம் அந்தக் கடைசித் திட்டையும் பறித்தார். ஆம்பலை விட்டால் குளம் முழுவதும் வெறும் தண்ணீர். இனி அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை.

மாலையில் பலகைகளைச் செருகினார். தெற்குத் திருவிதாங்கூர் தமிழகத்தோடு சேருமா என்று வெளியே சத்தமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கரியை எடுத்து எழுதினார்: தாமரைக்கோழி. குஞ்சு நாலு.

பின்பு வீட்டுப் பக்கம் திரும்பி, அதைக் குரல் எழுப்பிச் சொன்னார்.

‘ம்’ போட ஆளில்லை. கையில் ஒட்டிய கரியைத் துடைத்தார்.